செவெல் காரை இடித்தது யார்

கொலீன்,

அப்பா தூங்குகிறார். நான் வேலைக்குக் கிளம்புகிறேன். பீன்ஸ் சூப்பை நீயே சுடவைத்துக் கொடு, அவரை அடுப்புப் பக்கம் விடாதே.

மதியம் டுவேன் இழுவை வண்டியோடு வந்து செவெலை எடுத்துப் போவான். இனி அது திரும்பி வராது. அந்த நேரம் அப்பாவைப் பின் அறையில் உட்காரவை. துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி, இத்தனை வருஷம் நட்டு நட்டாக அவரே பூட்டிய கார், கொக்கியில் தொங்கிப் போவதை அவர் பார்க்க வேண்டாம்.

நேற்று நீ கேட்டாய்: "ஏம்மா அப்பாகிட்ட பொய் சொல்றே? பிரேக் ஆயில் ஊத்த மறந்தது அவர்தானே?" ஆமாம், அவர்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டும்போது பிரேக் பிடிக்காமல் மரத்தில் போய் மோதினோம். காரை யார் இடித்தது என்று அவர் கேட்டபோதெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அன்றுதான் முதலில் கேட்பவர் போல, "நானா? நீயும் உள்ள இருந்தியா?" என்று தேம்பி அழுதார். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான்தான் இடித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

நீயும் அப்படியே சொல். என் மேல் உனக்குக் கோபம் இருந்தாலும் சொல்.

அம்மா

கார் சாவியைத் தேடாதே, என் பையில் இருக்கிறது.

இன்னொன்று. இடித்தது நான்தான் என்று நீ சொன்னதும், "லோர்னா, உனக்கு கண்ணு பொடனிலயா இருக்கு?" என்று கத்துவார். தடுக்காதே. இப்போதெல்லாம் திட்டும்போது மட்டும்தான் அவருக்கு என் பெயர் ஞாபகம் வருகிறது.