ஞாயிறு முகூர்த்தத்துக்கு உறைமழை

பெப்ரவரி 4, 1997, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை தங்கைச்சி மயூரிக்குக் கலியாணம். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். இங்கே ஸ்காபரோவில் எல்லாம் என் தலையில். இன்று வேலைக்குப் போனால், வரைபடத்தில் தெற்கிலிருந்து ஒரு புயல் ஏறி வருகிறது! பனிக்காலத்தில் றோட்டுக்கு உப்புத் தூவும் லொறிக்காரருக்கு வானிலை சொல்லும் சின்னக் கம்பனி எங்களுடையது. நான் வரைபடத்தில் புள்ளி குறிக்கிறவள்தான். முன்னறிவிப்பு எழுத இன்னும் விடவில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

பெப்ரவரி 6, வியாழன்

ஞாயிறு பின்னேரம் லேசான பனி என்கிறது தொலைக்காட்சி. விசர்க்கதை. மேலே சூடான காற்று, கீழே உறைகுளிர். பிறம்ரனில் பனி கொட்டும். ஏரிக்கரையில், எங்கள் பக்கம், மழையாக விழுந்து, றோட்டில் பட்டதும் கண்ணாடியாகும். அதுவும் விடியவே. முகூர்த்தம் பத்தேகாலிலிருந்து பத்தரைவரை, எங்கள் வீட்டுக்கு எதிர் மண்டபத்தில். மாப்பிள்ளை வீடோ ஒரு மணி நேரத் தூரத்தில், பிறம்ரனில்.

மாப்பிள்ளை பிரியந்தனின் தாய் கமலாம்பிகை அன்ரி அரைமனதோடுதான் ஓமென்றவர். "நேரம் தப்பினா அபசகுனம். பிறகு இந்தக் கலியாணக் கதையே வேண்டாம்" என்று முதலே சொல்லிவிட்டார். மயூரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி

அன்ரிக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமையே எல்லாரும் ஸ்காபரோவுக்கு வந்து எங்களோடு தங்குங்கோ என்றேன்.

"ரீவீக்காரனுக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமோ, ரதி?"

"ஓம் அன்ரி, தெரியும்."

எங்கிருந்து வந்தது இந்த வாய்! என் கணக்குப் பிழைத்தால்?

பெப்ரவரி 8, சனி

வந்துவிட்டார்கள். முப்பத்தொரு பேர், இரண்டு அறை வீடு. வெளியே பளீரென்று வெயில். அன்ரி யன்னலைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஐந்து மணிக்கு யன்னலில் சரசரவென்று சத்தம். உறைமழை! வெட்கமில்லாமல் துள்ளினேன். எதிரே இருக்கிற மண்டபத்துக்கு றோட்டைக் கடக்க இருபது நிமிடம். ஆளையாள் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து. பிரியந்தன் தலைப்பாகையோடு இருந்தபடியே சறுக்கிப் போய்ச் சேர்ந்தான்.

ஒன்பது மணிக்கு மண்டப ஒபிசுக்குப் போன் வந்தது. பிக்கரிங்கிலிருந்து, கலியாணம் செய்துவைக்க வரவேண்டிய ஐயர். "பிள்ளை, கார் எதிர்வீட்டுக்காரன்ர வளவுக்குள்ள போய் நிக்குது. நான் தவண்டு வந்துதான் போன் எடுக்கிறன்."

ஐயோ! முப்பத்தொரு பேரை யோசித்த மடைச்சி, ஐயரை யோசிக்கவில்லையே. மயூரி அழத் தொடங்கிவிட்டாள். எனக்கு அன்ரியின் முகத்தைப் பார்க்கப் பயம்.

அன்ரிதான் வாய் திறந்தார். "ஏன் எல்லாரும் முழிச்சுக்கொண்டு நிக்கிறியள்? போனிலை அழுதாக் கேக்குது, சிரிச்சாக் கேக்குது, மந்திரம் மட்டும் கேளாதோ?"

போன் வயர் மணவறைவரை எட்டவில்லை. மணமக்களை ஒபிசுக்குள் கொண்டுவந்து இருத்தினோம். ஃபோட்டோக் கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் கும்பம், ஒரு தட்டில் சின்னதாய் ஓமத்தீ. ஸ்பீக்கரில் ஐயர் மந்திரம் சொன்னார். "தாலியைக் கட்டுங்கோ! கெட்டிமேளம்!" என்று கத்தினார். அதே நேரம் புகை அலாரம் அலறியது. மேளக்காரரும் வரவில்லையே என்ற குறை தீர்ந்தது. பத்து இருபத்தைந்து. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

மார்ச் 12, புதன்

அன்ரி போன் எடுத்தார். இப்போது மாமி என்றுதான் கூப்பிட வேண்டுமாம்.

"பிள்ளை, மகள் கௌசிக்கு வாற தையிலை கலியாணம் வைக்கப்போறம். வானம் எப்பிடி?"

"அஞ்சு நாளுக்கு மேலை சொல்லேலாது, மாமி."

"ஐயர் வருசம் முழுக்கச் சொல்லுறார், உமக்கென்ன? சரி விடும். எங்கட ரதியைக் கேளாமல் நாள் எழுதவேண்டாம் எண்டு ஐயருக்குச் சொல்லிப்போட்டன்."

போனுக்குப் பக்கத்தில் மயூரி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.