சீட்டில்லாமல் கொடுத்த மாத்திரை

மார்ச் 3
சரக்கு வந்து இறங்கியது. பெட்டிகளை நகர்த்தி நகர்த்தி இடுப்பு போய்விட்டது. மதியம் அண்ணன் கடைக்கு வந்தான். பத்து நாளாகத் தூக்கமே இல்லையாம். டாக்டர் சீட்டு எங்கே என்றேன். "கூடப் பிறந்தவன்கிட்டயே சீட்டு கேப்பியா?" என்றான். பதினெட்டு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன், சீட்டில்லாமல் ஒருத்தருக்கும் தூக்க மாத்திரை கொடுத்ததில்லை. இன்று இரண்டு அட்டை கொடுத்தேன்.

மார்ச் 5
வாலு போனை எடுக்கவில்லை. அண்ணன் மகளுக்கு நான் வைத்த பெயர் அது, இருபது வயதாகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடப் படிக்கும் பெண்ணைக் காதலிப்பதாகப் போன மாதம் முதலில் என்னிடம்தான் சொன்னாள். "அவளுக்குச் சமைக்கத் தெரியுமா? உனக்கு வெந்நீர்கூட வைக்க வராதே" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள். வீட்டில் தானே சொல்வதாகச் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டாளோ?

மார்ச் 8
சொல்லிவிட்டாள். கல்லூரி நிறுத்தம், போன் பறிமுதல். அண்ணி கூப்பிட்டுக் கத்தினாள்: "எல்லாம் நீ குடுத்த இடம்." ஆமாம், நான் கொடுத்ததுதான். உங்கள் வீட்டில் அவளுக்கு இடம் இல்லையே, வேறு யார் கொடுப்பது?

மார்ச் 9
போனேன். "தூங்கறா" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு என்ன தூக்கம்?

மார்ச் 11
எழுதவே கை வரவில்லை.

காலை பதினொரு மணிக்கு அண்ணியைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். வாலு படுத்துக் கிடந்தாள். நாக்கு குழறியது. "காபி குடிச்சா போதும் அத்தை, கண்ணைச் சொருகுது." நேரே சமையலறைக்குப் போனேன். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் என் கடை உறை. அதற்குள் நான் கொடுத்த அட்டை. எட்டு மாத்திரை காலி.

அண்ணன் தலைகுனியக்கூட இல்லை. "ஒரு மாசம் அடங்கிக் கிடந்தா அந்தக் கிறுக்கு தெளிஞ்சிடும். நாங்க என்ன விஷமா வச்சோம்?"

பாவிகளா! பெத்த பொண்ணுக்குக் காபியில கலந்து குடுத்துட்டு, விஷமான்னு வேற கேக்குறான். கிறுக்கு யாருக்குடா பிடிச்சிருக்கு? ஒருத்தியை அவளுக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதானே? அதுக்கா இந்த ஆட்டம்?

வாலு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "நீங்க குடுத்த மாத்திரையா அத்தை?" ஆமாம் என்றேன்.

"என்கூட வர்றியா?" என்று கேட்டேன். செருப்பைத் தேடினாள். அண்ணன் குறுக்கே வந்தான். "அவளுக்கு இருபது வயசு. தடுத்தா இந்த அட்டையோட போலீஸுக்குப் போவேன். என்னையும் சேத்து உள்ள வைக்கட்டும்" என்றேன். வழிவிட்டான். போகிற வழியிலேயே டாக்டரிடம் காட்டினேன். நல்லவேளை, மோசமாக ஒன்றும் ஆகவில்லையாம்.

மார்ச் 14
முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "சொந்தக்காரங்கன்னு வந்தா எல்லாருக்கும் கால் வழுக்கும்" என்றார். வழுக்கியது நான், அடிபட்டது அவள். எனக்கு ஆறுதல் எதற்கு?

மார்ச் 17
அண்ணன் போனில்: "என் பொண்ணைக் கெடுத்துட்ட." பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மார்ச் 24
பதின்மூன்று நாளாகிறது. என்னோடு பேசுகிறாள், கல்லூரிக்குப் போகிறாள். ஆனால் என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. கடை ரொட்டியைத் தானே பிரிக்கிறாள், தன் தண்ணீர் பாட்டிலைக் குளிக்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போகிறாள். ஏன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்?

இன்று அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நெட்டைப் பெண், கூச்ச சுபாவம். சோறும் குழம்பும் வைத்திருந்தேன், விருந்தாளிக்கு மட்டும் தட்டு போட்டேன். "ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றது அந்தப் பெண்.

வாலு அவள் சாப்பிடுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, எனக்கும் ஒரு தட்டு வைங்க."

வைத்தேன். ஒரு வாய் வைத்ததுமே, "உப்பு பத்தல" என்றாள்.