அம்மா அடித்த டார்ச்

மார்ச் 4

க்ளினிக்கில் இன்று முழுக்க ஒரே பொய். "பத்து நிமிஷத்துல டாக்டர் வந்துடுவார்." அவர் வந்தது மதியம். வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். பல்லைப் பிடுங்குகிறவருக்கு நல்ல பெயர், வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் திட்டு.

வீட்டுக்கு வந்தால் அக்கா கஞ்சியைச் சட்டையெல்லாம் சிந்தியிருந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை சொன்னபடி கேட்பதில்லை. ஒன்றிரண்டு வார்த்தை தவிர பேச்சும் போய்விட்டது. துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். இந்த நாட்டிலிருந்து முதன்முதலாக விண்வெளிக்குப் போன பெண்ணுக்கு நான் வாய் துடைத்துவிடுவதாவது!

மார்ச் 9

அருங்காட்சியகத்துப் பெண்மணி ஃபோன் செய்தார். அக்காவுக்கென்று தனி மூலை ஒதுக்குகிறார்களாம். பட்டனை அழுத்தினால் அக்கா பேச வேண்டும். ஆனால் விண்கலத்திலிருந்து அக்கா பேசிய பதிவில் இருப்பதெல்லாம் ஆக்சிஜன் சரி, அழுத்தம் சரி, அவ்வளவுதான். மனசைத் தொடும்படி வீட்டில் பழைய பதிவு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லாவிட்டால் அந்தத் திட்டத்தின் தலைவர் பேசித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

அந்த மனுஷனா? "நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன்" என்று காலமெல்லாம் மேடை போட்டவர். அக்காவைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்ட பார்சல் மாதிரி பேசுவார்.

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 10

இல்லாததை எங்கே போய்த் தேடுவது? எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். அந்த நாளில் ஃபோனில் அம்மாவே ஏமாந்துபோவாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்ஃபோனில் பேசினேன்:

"மேலே போனதும் முதல்ல நம்ம வீட்டைத்தான் தேடினேன். அம்மா அடிச்ச டார்ச் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

டார்ச் மட்டும் நிஜம். அக்கா மேலே போன அன்றைக்கு அம்மா மொட்டைமாடியில் ஏறி நின்று வானத்தைப் பார்த்து டார்ச் அடித்தாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பி வந்த அக்காவிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி, "டார்ச் தெரிஞ்சுதாடி?" அக்கா பதில் சொல்லவில்லை. பசிக்குது, சாப்பாடு போடு என்றாள். சாகும்வரை அம்மா மறுபடி கேட்கவில்லை.

அனுப்பிவிட்டேன். பழைய கேசட்டிலிருந்து எடுத்தது என்று எழுதினேன்.

மார்ச் 21

அந்தப் பெண்மணி கேட்டு அழுதுவிட்டாராம். எனக்கு உச்சி குளிர்ந்தது. வெட்கமில்லை எனக்கு.

ஏப்ரல் 2

ரேடியோவில் அருங்காட்சியகத்து விளம்பரம். என் குரல், அக்கா பெயர். நல்லவேளை, அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 6

பாழாய்ப்போன நல்ல எண்ணம்! பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அந்த விளம்பரத்தைத் தன் ஃபோனில் பதிந்துகொண்டு வந்துவிட்டாள். சொந்த வார்த்தைகளைத் திரும்பச் சொன்னால் சீக்கிரம் பேச்சு வருமாம்.

"உங்க குரல்தான் மேடம். கேட்டுட்டு அப்படியே சொல்லுங்க."

அக்கா கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் முகத்தில் ஈயாடவில்லை. பால் பொங்குகிறது என்று சமையலறைக்கு ஓடினேன். அடுப்பில் பாலே இல்லை.

ஏப்ரல் 11

அக்கா வாயைத் திறப்பதில்லை. போன மாதம் "தண்ணி", "போதும்", "போடி" எல்லாம் வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. இப்படியே விட்டால் வந்த பேச்சும் போய்விடும் என்று பயிற்சிப் பெண் கவலைப்படுகிறாள். அவளும் தினம் அதையே போட்டுக் காட்டுகிறாள். நம்ம வீட்டைத்தான் தேடினேன், நம்ம வீட்டைத்தான் தேடினேன்...

அவளுக்கு மிச்சமிருந்த நாலு வார்த்தையையும் நான் பிடுங்கிவிட்டேனா? அவள் மேலே போய்ப் பார்த்தது அவளுடையது. அதில் நான் ஏன் மூக்கை நுழைத்தேன்? அந்தத் திட்டத் தலைவரை மட்டம்தட்டவா? இல்லை. எனக்கே அது தேவைப்பட்டது. அவள் எங்களைத் தேடியிருக்க வேண்டும். ஒரு தடவையாவது.

ஏப்ரல் 13

சொல்லிவிட்டேன். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல். "நான்தான்க்கா பேசினேன். தப்புப் பண்ணிட்டேன். நாளைக்கே எடுக்கச் சொல்லிடறேன்."

பிறகு தலைக்கு மேலே ஒரு குரல். கரகரவென்று, ஒவ்வொரு சொல்லாக.

"வீட்டை... தேடல."

பேசினாளே என்று சந்தோஷப்படுவதா, அவள் சொன்னதற்கு அழுவதா?

"மறந்துட்டேன். எல்லாரையும்." மூச்சு வாங்கினாள். "நல்லா... இருந்துச்சு."

அழுதுகொண்டே சொன்னாள். "அம்மாகிட்ட... எப்படி... சொல்ல?"

இத்தனை வருஷமாக இதையா தூக்கிக்கொண்டு திரிந்தாள்? திமிர் பிடித்தவள், வாயைத் திறந்து ஒரு பதில் சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று எத்தனை தடவை கரித்துக்கொட்டியிருப்பேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நன்றாகவே வலித்தது.

ஏப்ரல் 15

அருங்காட்சியகத்துக்கு நேரில் போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண்மணி எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். ஊரெல்லாம் கேட்டுவிட்டதே என்றார். நியாயம்தான், வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரேடியோவில் மறுப்புச் சொல்வார்கள், என் பெயரோடு.

அக்காவே கேட்டுக்கொண்டதால், அவள் சொன்னதைப் புதிதாகப் பதிவு செய்து கொண்டு போயிருந்தேன். கேட்டார். தெளிவாக இல்லை, ஜனங்களுக்குப் புரியாது, தலைவரையே பேசச் சொல்லலாம் என்றார். கீழே எழுதி வையுங்கள், படித்துக்கொள்வார்கள் என்றேன். இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஏப்ரல் 24

அக்காவின் பதிவையே வைக்கிறார்கள்.

ஏப்ரல் 25

க்ளினிக்கில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்று நேரத்துக்கு வந்தார்.

மே 8

சாயங்காலம் ஃபோன் அடித்தது. பத்திரிகைக்காரர். அக்காவின் பெயரைச் சொல்லி, பேச முடியுமா என்றார்.

பழக்க தோஷம். "நான்தான்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இருங்க, அக்காகிட்ட குடுக்கறேன். மெதுவாத்தான் பேசுவாங்க. வெச்சுடாதீங்க."

அக்கா இடது கையால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கதவைக் காட்டினாள். நான் வெளியே போய்ச் சாத்திக்கொண்டேன்.