கல்யாணக் காலையில் நீ வெடிக்கச் சொன்ன வெடி

அன்பு மகன் வில்கோவுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. அப்பா சுகம், மாடுகள் சுகம், உன் தங்கை மரிட்டும் மாப்பிள்ளை தைஸும் புதுக்குடித்தனத்தில் சுகம். நான் சுகமாக இல்லை. நீ நியூசிலாந்தில் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் உன்னோடு சண்டை போட்டாக வேண்டும். போனில் போட்டால் பாதியில் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கடைசி வரை படி.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நம் தெருக்காரர்கள் எல்லாம் அடுத்த வீட்டு லம்மர்ட்டின் கொட்டகையில் கூடி, நம் வாசலுக்குப் பைன் கிளை கட்டி வளைவு செய்து காகித ரோஜா சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். வளைவு கட்டுங்கள், காலையில் வந்து பாட்டுப் பாடி மணப்பெண்ணை எழுப்புங்கள், ஆனால் பால்கேனுக்குள் கார்பைட் கல்லும் தண்ணீரும் போட்டு மூடித் தீ வைக்கிற அந்த வெடி மட்டும் வேண்டவே வேண்டாம், என் காது தாங்காது என்றேன். இத்தனை பேர் முன்னால் என் காதைப் பற்றிப் பேச எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியாது. லம்மர்ட்டின் பெண்டாட்டி ஆலி இருக்கிறாளே, வெடி போடலைன்னா பொண்ணு ஓடிப்போயிட்டான்னுல்ல ஊர்ல நெனைப்பாங்க என்று சிரித்தாள். இன்னொருத்தி, ரூலி அக்காவுக்குத்தான் நல்லாக் காது கேக்குதே, அப்புறம் என்ன வியாதி என்றாள். லம்மர்ட்தான், சரி ரூலி, உங்க வீட்டுக் கல்யாணம், நீ சொல்றபடிதான் என்று முடித்து வைத்தான். அடுத்த வீட்டுக்காரன் வாக்குக் கொடுத்தால் அது இங்கே எவ்வளவு பெரிய வாக்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாக்கை உடைத்தது நீ. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து லம்மர்ட்டுக்குப் போன் செய்து, நான்தான் வர முடியலை, என் தங்கச்சிக்கு என் பேர்ல வெடி போடுங்க, அம்மாவை நான் பாத்துக்கறேன் என்று சொன்னாயாமே. என்னத்தைப் பார்த்துக்கொண்டாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? வீட்டுப் பிள்ளை சொன்னால் வீடே சொன்ன மாதிரி என்று அவர்களும் கிளம்பிவிட்டார்கள். இங்கே மணப்பெண்ணுக்கு வெடி போடாமல் விட்டால் அவளை மதிக்கவில்லை என்று ஆகிவிடும் என்ற உறுத்தல் அவர்களுக்கும் இருந்தது, நீ கதவைத் திறந்துவிட்டாய். வெடி இல்லை என்ற நம்பிக்கையில் காதடைப்பானை மேஜை டிராயரிலேயே விட்டுவிட்டுப் படுத்திருந்தேன். விடிகிற நேரத்தில் என் ஜன்னலுக்கு நேர் எதிரே புல்வெளியில் கேன்களை வரிசையாகப் படுக்கவைத்து முதல் வெடியைப் போட்டார்கள். ஜன்னல் சட்டம் அதிர்ந்தது. நான் டிராயரைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது, அதற்கடுத்தது. அதோடு முடிந்ததா? வெடி போட்டவர்களுக்கு வீட்டுக்காரி வெளியே வந்து சாராயம் ஊற்றிக் கொடுக்க வேண்டுமே! உன் அப்பா, பொண்ணு கல்யாணத்தன்னிக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே ரூலி, சிரிச்ச மாதிரி வா என்றார். என் காதைக் கெடுத்தவர்களுக்கு நானே தட்டில் கோப்பை ஏந்தி ஊற்றிக் கொடுத்தேன். ஒருத்தன், எப்படி இருந்துச்சு என்று கேட்டான், வாயசைவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன், பிரமாதம் என்றேன்.

நகரமன்றத்தில் பதிவு நடந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி கேட்டதும் என் காதில் விழவில்லை, மரிட் சம்மதம் சொன்னதும் விழவில்லை. தலைக்குள்ளே இரும்பு அறுக்கிற சத்தம். உதடு அசைந்தது, எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். சாயங்காலம் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அம்மா, சம்மதம் சொல்றப்ப என் குரல் நடுங்குச்சா என்று கேட்டாள். இல்லடா கண்ணு, தெளிவா இருந்துச்சு என்றேன். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு இனிமேல் கிடைக்காது வில்கோ. வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதே.

உனக்கு என் காது எப்போதும் வேடிக்கைதான். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில், வருஷக் கடைசி நாளன்று ஊரே கேன் வெடி போட்டபோது, நமத்துப்போய்விட்டது என்று நினைத்து ஒரு கேனை நான் நிமிர்த்தப் போனபோது அது வெடித்ததே, அன்றைக்கு ஆரம்பித்த விசில் இன்று வரை ஒரு நிமிஷம் நிற்கவில்லை. பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய் நிசப்தமாகத் தூங்கியிருப்பார். நானும் பழகினேன். யாருடைய பிறந்தநாளுக்குப் போனாலும் பேச்சுச் சத்தம் ஒரு பக்கமிருந்து மட்டும் வரட்டும் என்று, வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் சுவரோரமாய் ஒன்றைப் பார்த்து முதலில் உட்கார்ந்துவிடுவேன், அதற்கு எனக்குத் திமிர் என்று பேர். ரேடியோவை முணுமுணுப்பாக வைத்துக்கொண்டு தூங்குவேன், அதற்கு உன் அப்பாவிடம் பாட்டு வாங்குவேன். பால் கறக்கிற மெஷின் பக்கத்தில் நிற்கிறபோது அதன் இரைச்சலில் விசில் கேட்காது, அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் ஓய்வு, அதனால்தான் இத்தனை வருஷமாக இரண்டு வேளைக் கறவையையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, உழைப்பாளி என்று ஊரே மெச்சுகிறது. இப்படியெல்லாம் செய்து அந்தச் சத்தத்தை ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தேன். இப்போது அதற்குத் துணையாக இன்னொன்று வந்திருக்கிறது, பல் டாக்டரின் மெஷின் மாதிரி, வலது காதில். இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்கே போனேன். அடங்கலாம், அடங்காமலும் போகலாம் என்கிறார்கள்.

இதை எல்லாம் எழுத வேண்டாம், போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் முந்தாநாள் லம்மர்ட் வந்தான். காய்ந்த சாசேஜ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றான், தொப்பியைக் கழற்றவும் இல்லை, உட்காரவும் இல்லை. தப்பு என்மேலதான் ரூலி, உன்னைக் கேட்டிருக்கணும் என்றான். அப்புறம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக நீ சொன்னதையும் சொன்னான். அம்மா சும்மா பெருசு பண்றாங்க, எனக்குந்தான் இடது காது ஓயாம ஊதுது, நான் என்ன வேலை வெட்டி பாக்காமயா இருக்கேன் என்று சொன்னாயாமே.

சாசேஜை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு அவனைப் போகச் சொன்னேன். கறவைக்குப் போகப் பிடிக்கவில்லை. பிரமாதம் என்று பொய் சொன்ன என்மேலேயே இருந்த கோபமெல்லாம், லம்மர்ட்மேல் இருந்ததெல்லாம் சேர்ந்து இப்போது உன்மேல்தான். மரம் அறுக்கிற மெஷினையும் முயல் சுடுகிற துப்பாக்கியையும் வெறுங்காதோடுதான் பிடிக்கிறாய், இரைகிற அந்த நாலு சக்கர பைக்கில் பண்ணை முழுக்க அலைகிறாய், கேட்டால் அங்கே எல்லோரும் அப்படித்தான் என்பாய். எல்லோரும் எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தக் கடிதம் வந்த வாரமே காதை மூடுகிற மூடி வாங்கு. காது டாக்டரிடம் போ. போஸ்டில் வருகிற மருந்து, சொட்டு எதையும் நம்பாதே, நான் எல்லாவற்றையும் ஊற்றிப் பார்த்தாயிற்று. அமைதியான அறையில் தனியாகப் படுக்காதே, ஜன்னலையாவது திறந்து வை. ராத்திரி அது பெரிதாகி, பைத்தியம் பிடித்துவிடுமோ என்று தோன்றும். பிடிக்காது. விடியும். அந்த நேரத்தில் இங்கே பகல்தான், எனக்குப் போன் செய், திட்டாமல் பேசுவேன்.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மரிட்டுக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவளிடம் மூச்சு விடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், எந்தக் கெட்டதும் உன்னை அண்டக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், கோபமாக இருக்கிற நாளிலும். மன்னிப்புக் கேட்டுப் பூங்கொத்து அனுப்பினால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவேன். எப்போதிலிருந்து, விசிலா இரைச்சலா, படுத்தால் கூடுகிறதா, இதை மட்டும் எழுது. லேசாகத்தாம்மா இருக்கு என்று எழுதினால் நம்பமாட்டேன். முதல் வருஷம் முழுக்க நானும் உன் அப்பாவிடம் அதையேதான் சொன்னேன்.

கோபம் தீராத உன் அம்மா,
ரூலி