வாங்கும் காரணம், ஐம்பது வார்த்தைகளில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம், என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முணுமுணுக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய், போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அம்மாவும் கூடச் சேர்ந்துகொள்வாள், அதனால்தான் கடிதம்.

அம்மாவின் ஆன்லைன் கடை திறந்து மூன்று மாதமாகியும் ஒரு துணிப்பைகூட விற்கவில்லை என்பது உனக்குத் தெரியும். 'என் கைவேலை யாருக்கும் பிடிக்கல, மாசக் கடைசியில கடையை மூடிடுங்க' என்று சொல்லிவிட்டு, தையல் மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தம் நின்றதும் வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அப்போதுதான் நீ சொல்லிக்கொடுத்தபடி, யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எங்கிருந்து திரும்பிப் போகிறார்கள் என்று காட்டும் அந்த அனலிடிக்ஸை வைத்தேன். முதல் நாளே அறுபத்தோரு வருகை, நான் குதித்த குதி உனக்குத் தெரியாது, கடைசியில் பார்த்தால் வேலை செய்கிறதா என்று நானே உள்ளே போய்ப் போய் வந்தது. நீ திட்டிய பிறகு எங்கள் இருவர் போனும் அதில் சேராதபடி செய்தேன், யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பதிவாகும்படி வைத்தேன். பத்து நாளில் பையைக் கூடையில் போட்டவர்கள் முப்பத்தெட்டு பேர். முப்பத்தெட்டு பேரும் வாங்காமல் ஒரே பக்கத்திலிருந்து கிளம்பிப் போயிருக்கிறார்கள். விவரங்கள் நிரப்பும் பக்கம், நான் ஆசை ஆசையாகத் தயாரித்தது. முப்பது வருடம் ஆபீஸில் பாதி நிரப்பிய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிய கை சும்மா இருக்குமா? தகப்பனார் பெயர், பிறந்த தேதி, தொழில், வாங்கும் காரணம் ஐம்பது வார்த்தைக்குக் குறையாமல், எல்லாவற்றுக்கும் நட்சத்திரக் குறி போட்டுக் கட்டாயம் என்று வைத்திருந்தேன். பை வாங்க வந்தவர்கள் ஓடாமல் என்ன செய்வார்கள்.

சத்தமில்லாமல் திருத்திவிட்டு நல்லபிள்ளையாக இருந்திருக்கலாம், ஆனால் மூன்று மாதமாக அவள் தன் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தாளே, அது எனக்குப் பொறுக்கவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன். 'கூடையில போடுற வரைக்கும் வந்தாங்களா?' என்று மட்டும் கேட்டாள். எந்த நிறம் என்று அடுத்த கேள்வி. பதினாறு பேர் நீலம் என்றதும் எழுந்துபோய் உறையைக் கழற்றினாள். அதற்குப் பிறகுதான் எனக்குத் தண்டனை. கேள்விகளை நீக்குவதற்கு முன்னால் நானே அந்தப் பக்கத்தை முழுக்க நிரப்பி ஒரு பை வாங்க வேண்டுமாம். மற்றதெல்லாம் சுலபம், வாங்கும் காரணத்தில் மாட்டிக்கொண்டேன். இத்தனை வருடமாக அவள் தைத்ததை ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று நான் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதையெல்லாம் எழுதி அனுப்பினேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, நாற்பத்து மூன்றுதான் இருக்கிறது என்று திருப்பிவிட்டாள். 'இதை எல்லாம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான்' என்று மீதி ஏழையும் எழுதினேன். நீலப் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள், கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

இப்போது பெயர், முகவரி, போன் நம்பர் மட்டும் கேட்கிறோம், நான்கு ஆர்டர் வந்துவிட்டது, கடையை மூடும் பேச்சே இல்லை. நீயும் வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளை சமைத்தால் நன்றாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல், அப்பாவைப் போல இருக்காதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மறக்காதே, நான் வாங்கியது உன் அனலிடிக்ஸில் வராது, என் போனைத்தான் நீக்கிவிட்டோமே. ஆனால் முதல் ஆர்டர் எது என்று யார் கேட்டாலும் அம்மா அதைத்தான் சொல்கிறாள்.

நீலப் பையும் கையுமாகத் தபால்பெட்டிக்குக் கிளம்பும்,
உன் அப்பா