மாமா சுட்ட பீட்சா

ஞாயிறு இரவு

அக்கா வீட்டுக்காரர் செங்கம் ரோட்டில் நாலு மேசை போட்டு, சாயங்காலம் மட்டும் பீட்சா கடை நடத்துகிறார். இன்று என்னைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நான் நன்றாக இருக்கிறது என்றால் வாத்தியார் வேலையை விட்டுவிடுவாராம்.

“நல்லா இல்லன்னு சொல்லிடுடி” என்று அக்கா என் காதில் சொன்னாள்.

ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று, அருமையாக இருந்தது. ஆனாலும், “மாவு வேகல மாமா, புளிப்பு ஜாஸ்தி” என்றேன். அவர் முகம் சுருங்கிப்போய்த் தட்டை எடுத்தார்.

அக்கா அதிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றாள். “நல்லாத்தாங்க இருக்கு. இவளுக்கு என்ன தெரியும்?”

மாமா சிரித்துவிட்டார். வெளியே வந்ததும், “ஏன்க்கா?” என்று கேட்டேன்.

“அவரு மூஞ்சியப் பார்த்ததும் முடியலடி.”

மாமாவுக்கு போன் செய்து உண்மையைச் சொல்லலாம். ஆனால் அக்காவுக்கு இப்போது எது வேண்டும் என்றுதான் புரியவில்லை.