நீ வராத கூட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே மூவரும் நலம். தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட வேண்டுமென்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். நீ வேலை பார்க்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையாவது லீவு தருகிறார்களா?

அணைத் திட்டத்துக்கு மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் போன மாதம் பத்தாம் தேதி எங்கள் பள்ளி ஹாலில் நடந்தது. அணையை உயர்த்தினால் நம் தெரு முழுகிவிடும். அதற்குப் பதிலாக ஆற்றில் இன்னும் மேலே இரண்டு சின்னத் தடுப்பணைகள் கட்டலாம் என்று இன்னொரு யோசனையும் இருந்தது. வரைபடத்தில் நம் தெருவுக்கு நீலம் அடித்திருந்தார்கள். தையல்கார மாமா அதைப் பார்த்து, இப்பவே நனைச்சுட்டீங்களே சார் என்றார். என்ஜினியரே சிரித்துவிட்டார். பேசிய பதினான்கு பேரும் உயர்த்த வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

என் எழுத்து அழகாக இருக்குமென்று தலைமையாசிரியை என்னை வாசலில் உட்காரவைத்து, வருகிறவர்களின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கச் சொன்னார். தாளில் தலைப்பு இல்லை. ஏன் என்று கேட்டேன். அதை அப்புறம் டைப் அடிச்சுக்குவோம், நீ எழுதும்மா என்றார் அணைத் திட்ட அலுவலக அண்ணன். அப்பா வந்ததும், வீடு உங்கம்மா பேர்லதானே இருக்கு, அவ பேரையும் போடு, இல்லேன்னா நம்ம வீட்டைக் கணக்குல விட்டுடுவாங்க என்றார். எழுதினேன். உன் கையெழுத்தையும் நானே போட்டேன்.

போன திங்கட்கிழமை அந்தத் தாளைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மேலே, 'அணையை உயர்த்த ஒப்புதல் அளித்தோர்' என்று டைப் அடித்திருந்தது. கீழே அறுபத்திரண்டு பெயர்கள், எல்லாம் என் எழுத்து. மூன்றாவது நீ.

தெருவில் யாரும் என்னைத் திட்டவில்லை. தையல்கார மாமா மட்டும், கொஞ்சம் கிறுக்கியிருக்கக் கூடாதா கண்ணு, யாருக்கும் புரியாம போயிருக்கும் என்றார்.

எல்லோரும் அலுவலகம் போய்க் கேட்டார்கள். ஹாலுக்கு வந்தீர்கள், கையெழுத்தும் உங்களுடையது, பிறகென்ன என்று அனுப்பிவிட்டார்கள். நான் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கான விதிப் புத்தகத்தை வாங்கி மூன்று முறை படித்தேன். கூட்டத்துக்கு வராத ஒருவரின் பெயர் இருந்தாலும் பட்டியல் செல்லாது, கூட்டத்தை மறுபடி நடத்த வேண்டும் என்று இருக்கிறது. அறுபத்திரண்டு பேரில் வராதது நீ மட்டும்தான். இருபதாம் தேதிக்குள் ஆட்சேபணையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். கையெழுத்தை யார் போட்டதுன்னு கேப்பாங்க, உன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிடுவாங்க, வாயைத் திறக்காதே என்றார். அதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

அன்று நீ இங்கே இல்லை என்று உன் கையாலேயே எழுதி அனுப்பு அம்மா. அந்த வீட்டுக்காரரிடமும் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கு. யார் போட்டது என்று கேட்டால் நான் எழுந்து நின்று சொல்லிவிடுவேன். உன் கையெழுத்தின் கடைசிச் சுழி எனக்கு வந்ததே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவர்களுக்கே தெரியும்.

இரண்டு வருடமாக நீ இல்லை என்பது எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரியும். இப்போது அதை அவர்களுக்கும் சொல்லிவிடு. நீ வரும்போது கதவைத் திறக்க நாங்கள் இதே வீட்டில் இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் மகள்